நஞ்சூட்டிய மரமும் நஞ்சுண்ணும் காளானும்

எர்ணாகுளத்திலிருந்து வடக்கே ஆலுவாவை நோக்கிப் பயணம் செய்வோர் களமசேரியைக் கடந்து செல்வர். தென்னையும் பலாவும் செழித்த தோட்டங்களுக்கு நடுவே தொழிற்சாலைகள் எழுந்து நிற்கும் ஊர் அது. அதன் அண்டையிலே, பெரியாற்றின் கரையில், ஏலூரும் உத்தியோகமண்டலமும் இருக்கின்றன. 1947ஆம் ஆண்டில் அங்கு இரசாயன உரம் செய்யத் தொடங்கினார்கள். பின்னர்க் காஸ்டிக் சோடா, பூச்சிமருந்து முதலிய பொருள்களைச் செய்யும் ஆலைகளும் வந்தன. 1971ஆம் ஆண்டில் தோன்றிய கொச்சிப் பல்கலைக்கழகம் களமசேரியிலேயே நிலைகொண்டது. இன்று அது கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எனப்படுகிறது. ஆலையும் ஆறும் கல்விச்சாலையும் அருகருகே அமைந்த இவ்வூரை மனத்தில் நிறுத்திக்கொண்டு, எளிய பொருள் ஒன்றைப் பற்றி நாம் இன்று சிந்திப்போம். அப்பொருள் பழைய மரக்கட்டை.

பழைய கட்டையைப் பற்றிச் சிந்திப்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சிப் பகுதியிலே, வேலிக்கு நட்ட கம்பு சில மழைக்காலங்களுக்குள் அடி இற்றுச் சாய்ந்துவிடுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் சில கட்டைகள் அவ்வாறு இற்றுப்போவதில்லை. பழைய மின்கம்பம், தண்டவாளத்தின் கீழ்க் கிடந்த கட்டை, படகுத்துறையில் ஊன்றிய தூண், ஆலைகளில் வெந்நீரை ஆற்றும் கோபுரத்தின் சட்டம் ஆகியவற்றுள் பல, நெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் கிடந்தும் உறுதி குலையாமல் இருக்கின்றன. உற்று நோக்கினால் சிலவற்றில் இளம்பச்சை நிறம் பாய்ந்திருக்கும். சில கருத்துக் கீல் வாடை வீசும். அவை மருந்தேற்றிய மரங்கள். பூஞ்சக்காளானும் கறையானும் அணுகாதபடி நஞ்சு ஊட்டப்பட்டவை.

அம்மரத்தின் பயன் தீர்ந்தபின் அதிலுள்ள நஞ்சு எங்கே போகிறது? எந்தக் காளானை விரட்டுவதற்காக நஞ்சை ஏற்றினோமோ, அந்தக் காளானையே கொண்டு நஞ்சை அகற்ற இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிப் புறப்பட்டால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு நம் முன் விரிகிறது. அவ்வரலாற்றின் நடுவே இந்திய விஞ்ஞானி ஒருவர் நிற்கிறார்.

முதலில், மரம் ஏன் இற்றுப்போகிறது என்பதை அறிந்துகொள்வோம். மரத்தை ஒரு செங்கற் சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். செங்கல்லாக இருப்பது செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். செங்கற்களைப் பிணைக்கும் சாந்தாக இருப்பது லிக்னின் என்னும் பொருள். பூஞ்சக்காளான்களில் ஒருவகை, செங்கல்லைத் தின்று சாந்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். அப்போது மரம் பழுப்பு நிறம் கொண்டு, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். இதனைப் பழுப்பு அழுகல் என்பர். மற்றொரு வகை, சாந்தையும் சேர்த்துக் கரைத்துவிடும். அப்போது மரம் வெளுத்து நார் நாராகப் பிரியும். இது வெள்ளை அழுகல். இவ்விரண்டையும் வேறுபடுத்தி ஆராய்ந்தவர்களுள் ரிச்சர்டு ஃபால்க் என்ற ஜெர்மானிய அறிஞர் முக்கியமானவர். அவர் பெயரை மறுபடியும் நாம் கேட்கப் போகிறோம். வெள்ளை அழுகலை உண்டாக்கும் இனம் நமக்குப் புதியதன்று. வைக்கோலில் வளர்த்துக் கறி சமைக்கும் சிப்பிக் காளான் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

காட்டிலே இக்காளான்கள் செய்யும் தொண்டு பெரிது. விழுந்த மரங்களை மண்ணாக்கும் இவை இல்லையேல், செத்த மரங்களின் குவியலுக்கு அடியில் காடு மூச்சுத் திணறிப் போயிருக்கும். ஆனால் மரத்தை அறுத்து வீடாகவும் பாலமாகவும் அமைத்துக்கொண்ட மனிதனுக்கு இதே காளான் பகையாயிற்று. அப்பகையை வெல்ல அவன் தேடிய படைக்கலமே நஞ்சு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தேட்டம் மும்முரமாயிற்று. 1832ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கையன் என்பவர், நம் வைத்தியர்கள் வீரம் என்று சொல்லும் பாதரச உப்பின் கரைசலில் மரத்தை ஊறவைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1838ஆம் ஆண்டில் ஜான் பெத்தல் என்பவர் வேறு வழி கண்டார். நீண்ட இரும்பு உருளைக்குள் மரத்தை வைத்து மூடி, முதலில் உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுத்துவிட்டு, பிறகு நிலக்கரிக் கீலிலிருந்து வடித்த கிரியோசோட் எண்ணெயை மிக்க அழுத்தத்துடன் உள்ளே செலுத்தினார். எண்ணெய் மரத்தின் உட்புறம் வரை பாய்ந்து நின்றது. இன்றும் உலகெங்கும் மரத்துக்கு மருந்தேற்றுவோர் பின்பற்றும் முறை அடிப்படையில் இதுவே.

இந்தியாவில் இம்முறைக்கு வழி திறந்தது ரெயில் வண்டி. 1853ஆம் ஆண்டில் பம்பாயிலும், 1856ஆம் ஆண்டில் சென்னை இராயபுரத்திலும் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஒவ்வொரு மைல் தண்டவாளத்துக்கும் ஆயிரக்கணக்கான கட்டைகள் வேண்டியிருந்தன. தேக்கும் சாலமும் தேவதாருவும் வெட்டி வீழ்த்தப்பட்டன; அவை போதாமல், கிரியோசோட் ஏற்றிய பால்டிக் பைன் கட்டைகள் கப்பலேறி வந்தன. இந்தியக் காட்டு இலாகா 1864ஆம் ஆண்டில் தோன்றுவதற்கு இவ்வாறு காடு அழிந்ததும் ஒரு காரணம். உள்நாட்டிலே மலிவாகக் கிடைக்கும் மென்மரங்களுக்கு மருந்தேற்றிப் பயன்படுத்தினால் உயர்ந்த மரங்கள் தப்பும் என்ற எண்ணம் பிறகு வலுப்பெற்றது. பஞ்சாபில் தில்வான், நம் பக்கத்தில் பாலக்காட்டை அடுத்த ஒலவக்கோடு முதலிய இடங்களில் ரெயில்வேயின் மருந்தேற்றும் நிலையங்கள் அமைந்தன. இன்று கான்கிரீட் கட்டைகள் வந்துவிட்டன. ஆனால் தண்டவாளத்தினின்று கழற்றி விற்கப்பட்ட பழைய கட்டைகள் வீட்டு வாயிலிலும் தோட்ட வேலியிலும் தேநீர்க் கடைப் பலகையிலும் இன்னும் இருக்கின்றன.

நிலத்தில் இவ்வாறாக, நீரிலும் மரத்துக்குப் பகை உண்டு. கொச்சிக் காயலிலும் கடலிலும் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. பெயர் புழுவாயினும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. வெளியே ஊசித் துளை மட்டும் தெரிய, உள்ளே மரம் தேன்கூடாகிவிடும். அஞ்ஞிலி மரத்தில் வள்ளம் செய்த கேரளத்து மீனவர்கள் மத்தி மீன் எண்ணெயையும் முந்திரிக்கொட்டை எண்ணெயையும் தடவி அதனைக் காத்துவந்தார்கள். 1957ஆம் ஆண்டில் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இத்துறையிலும் கருத்தைச் செலுத்திற்று. அஞ்ஞிலி அருகி விலை ஏறியபோது, கேரளத்தில் ஏராளமாகக் கிடைக்கும் ரப்பர் மரத்துக்கு மருந்தேற்றி வள்ளம் கட்டலாம் என்று அங்குள்ள விஞ்ஞானிகள் செய்து காட்டினார்கள். எளிதில் உளுத்துப்போகும் மரத்தைக் கடலுக்கு ஏற்றதாக்கிய மருந்துகளுள் முதன்மையானது, செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் கலந்த ஒரு கலவை. அக்கலவை பிறந்த இடம் இந்தியாவே.

அந்தக் கதையைக் கேட்பதற்கு நாம் கொச்சியிலிருந்து டேராடூனுக்குச் செல்லவேண்டும். 1906ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கு மரப்பாதுகாப்பு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர் சொண்டி காமேசம் என்னும் இந்தியர். முன்னர்க் குறிப்பிட்ட ஃபால்க்கும் காமேசமும் சேர்ந்து, ஆர்சனிக்கையும் குரோமிய உப்பையும் கொண்ட ஒரு மருந்தை உருவாக்கினார்கள். இருவர் பெயரையும் இணைத்து அதற்கு ஃபால்காமேசம் என்று பெயர் வழங்கிற்று. காளானின் இயல்பை நன்கு உணர்ந்த அறிஞரே காளானுக்கு எமனான மருந்தைச் செய்வதிலும் பங்கு கொண்டார் என்பது கவனத்துக்குரியது.

காமேசம் அதனோடு அமையவில்லை. 1933ஆம் ஆண்டில் அவர் அக்கலவையில் செம்பையும் சேர்த்தார். ஆர்சனிக் உப்பு ஒரு பங்கு, மயில்துத்தம் மூன்று பங்கு, டைகுரோமேட் நான்கு பங்கு என்னும் அளவில் அமைந்த அம்மருந்துக்கு, ஆர்சனிக், செம்பு ஆகியவற்றின் இரசாயனக் குறியீடுகளைச் சேர்த்து அஸ்கு என்று பெயரிட்டார்கள். 1934ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் இதற்கு உரிமம் கிடைத்தது.

இதன் நுட்பம் யாதெனின், மூன்று பொருளும் மூன்று வேலையைச் செய்கின்றன. செம்பு பூஞ்சக்காளானைக் கொல்லும். செம்புக்கு அஞ்சாத சில காளான்களையும், கறையான் முதலிய பூச்சிகளையும் ஆர்சனிக் கொல்லும். நம் நாட்டார் பாஷாணம் என்று பெயர் சொல்லவே அஞ்சும் பொருள் இந்த ஆர்சனிக் சேர்ந்ததுதான். ஆயினும் இவ்விரண்டும் நீரில் கரையும் உப்புகள். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். முன்னோர் செய்த உப்பு மருந்துகள் பல தோற்றது இதனாலேயே. இங்கேதான் குரோமியம் உதவிற்று. மரத்துக்குள் சென்ற குரோமியம், மரப்பொருளோடு வினைபுரிந்து உருமாறி, செம்பையும் ஆர்சனிக்கையும் தன்னோடு பிணைத்து, நீரில் எளிதில் கரையாத பொருளாக மரத்திலேயே படிந்துவிடுகிறது. நஞ்சை மரத்துக்குள் பூட்டிவைக்கும் பூட்டு அது. அப்பூட்டைக் கண்டதே காமேசத்தின் வெற்றி.

அவ்வெற்றி உலகெங்கும் பரவிற்று. அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பங்களுக்கு இம்முறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. பல நாடுகளில் பல வணிகப் பெயர்களோடு இம்மருந்து விற்பனையாயிற்று. கிரியோசோட்டைப் போல இது நாறாது, கையில் ஒட்டாது, மேலே வர்ணமும் பூசலாம். ஆதலால் கம்பங்களோடு நில்லாமல், வீட்டுத் திண்ணைக்கும் குழந்தைகள் விளையாடும் ஊஞ்சற் சட்டத்துக்கும் இம்மரம் வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகில் மிகுதியாக வழங்கிய மரமருந்துகளுள் இது தலைசிறந்ததாக விளங்கிற்று. மருந்தேற்றிய ஒவ்வொரு மரமும் காட்டில் நிற்கும் வேறொரு மரத்தைக் கோடரியினின்று காத்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஆனால் பூட்டிவைத்த நஞ்சு இல்லாமற் போன நஞ்சு ஆகாது. ஒரு கன மீட்டர் மரத்தில் 8 கிலோகிராம் அஸ்கு உப்பு ஏற்றப்பட்டிருக்குமானால், மேற்சொன்ன கணக்கின்படி அதில் 1 கிலோகிராம் ஆர்சனிக் உப்பு. கம்பம் நிற்கும்வரை கவலை குறைவு. கம்பம் வீழ்ந்து, அறுபட்டு, அடுப்புக்குப் போனால் என்ன ஆகும்? நெருப்பு மரத்தை எரிக்கும், ஆர்சனிக்கை எரிக்காது. ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையோடு போகும். எஞ்சியது சாம்பலில் நிற்கும். மரம் முழுவதும் பரவி நின்ற நஞ்சு ஒரு கைப்பிடிச் சாம்பலில் திரண்டுவிடும். குரோமியத்திலும் ஒரு பகுதி மீண்டும் தன் கொடிய வடிவத்துக்குத் திரும்பும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் இதற்குச் சான்று கிடைத்தது. அங்கே ஒரு கிராமத்துக் குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேர், ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மட்டும் நோயுற்றார்கள். தலைமயிர் கொட்டிற்று, தோலில் தடிப்புக் கண்டது, மூக்கில் இரத்தம் வடிந்தது, வலிப்பும் வந்தது. மூன்று ஆண்டுகள் இவ்வாறு சென்றன. கோடையில் நோய் தணிந்து, குளிர் தொடங்கியதும் திரும்பியது. இறுதியில், குளிர் காய்வதற்காக வீட்டு அடுப்பில் அவர்கள் எரித்துவந்தது மருந்தேற்றிய மரம் என்பது தெரியவந்தது. 1984ஆம் ஆண்டில் மருத்துவ இதழ் ஒன்றில் இச்செய்தி வெளியாயிற்று. விளையாட்டு மைதானங்களில் இம்மரத்தைத் தொடும் குழந்தைகளைப் பற்றியும் பின்னர்க் கவலை எழுந்தது. 2003ஆம் ஆண்டின் முடிவோடு, வீடுகளுக்கான மரத்தில் இம்மருந்தை ஏற்றுவதை அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பிய நாடுகளும் அதே காலத்தில் கட்டுப்பாடு விதித்தன. புதிய மரம் குறைந்தது. ஏற்கனவே ஏற்றிய மரமோ அப்படியே இருக்கிறது. ஆண்டுதோறும் அதில் ஒரு பகுதி பயன் தீர்ந்து கழிவாகிக்கொண்டு வருகிறது.

இவ்விடத்தில் காளான் மீண்டும் நம் கதைக்குள் வருகிறது. இம்முறை பகையாக அன்று, வேலையாளாக. அதே விஸ்கான்சின் மாகாணத்து மாடிசன் நகரில் 1910ஆம் ஆண்டு முதல் வனப்பொருள் ஆராய்ச்சிசாலை ஒன்று இயங்கிவருகிறது. ஃபானரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்ற நீண்ட பெயரை உடைய வெள்ளை அழுகல் காளானை அங்கே ஆராய்ந்தார்கள். லிக்னின் என்பது ஒழுங்கான சங்கிலியாக இல்லாமல் தாறுமாறாகப் பின்னிய ஒரு பொருள். குறிப்பிட்ட ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல் என்ற முறையில் அதனைத் திறக்க முடியாது. அப்படியானால் காளான் எவ்வாறு அதனைக் கரைக்கிறது? 1983ஆம் ஆண்டில் மாடிசனைச் சேர்ந்தவர்களும் ஓரிகன் நாட்டுப்பகுதியைச் சேர்ந்தவர்களும் தனித்தனியே விடை கண்டார்கள். காளான் தன் உடலுக்கு வெளியே ஒரு நொதியைச் சுரக்கிறது. அந்நொதி எதிர்ப்பட்ட பொருளின் எலெக்ட்ரானைப் பறித்து அதனை நிலைகுலையச் செய்கிறது. அகப்பட்டதையெல்லாம் தாக்கும் ஆயுதம் அது.

அகப்பட்டதையெல்லாம் தாக்குமாயின், மனிதன் செய்த நஞ்சையும் தாக்குமன்றோ? 1985ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதனைச் சோதித்து அறிவித்தார்கள். டி.டி.டி., லிண்டேன், டையாக்சின் முதலிய, மண்ணில் எளிதில் அழியாத பொருள்களை இக்காளான் சிதைக்க வல்லது என்பது புலனாயிற்று. களமசேரியின் அண்டையில் வாழ்வோருக்கு டி.டி.டி. வெறும் புத்தகச் செய்தி அன்று. உத்தியோகமண்டலத்தில் 1950களின் இறுதியிலிருந்து அம்மருந்து உற்பத்தியாயிற்று. மலேரியாக் கொசுவை ஒழிக்க நாடெங்கும் சென்றது. ஏலூரின் குழிக்கண்டம் ஓடையில் எடுத்த மாதிரிகளில் அதன் எச்சங்கள் இருந்ததை 1999ஆம் ஆண்டில் கிரீன்பீஸ் இயக்கத்தார் வெளியிட்டார்கள்.

மரமருந்துகளுள் கிரியோசோட்டும் பென்டாகுளோரோபீனால் என்பதும் இத்தகைய கரிமப் பொருள்களே. விஸ்கான்சினில் மரமருந்தால் மாசுபட்ட மண்ணில், மரச்சீவலில் வளர்த்த காளானைக் கலந்து பார்த்தார்கள். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வின்படி, பென்டாகுளோரோபீனாலின் பெரும்பகுதி ஆறரை வாரத்தில் குறைந்தது. குறைந்தது முழுவதும் அழிந்தது என்று கொள்ளலாகாது. ஒரு பகுதி வேறு பொருளாக மாறும். ஒரு பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். எனினும் வழி திறந்தது. கரியாலும் ஹைட்ரஜனாலும் குளோரினாலும் ஆகிய நஞ்சின் உடலைக் காளான் கூறு கூறாக உடைக்கும்.

அஸ்கு ஏற்றிய பச்சை மரத்தின் நிலை வேறு. செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் தனிமங்கள். தனிமத்தை எந்தக் காளானும் உடைக்க இயலாது. அவற்றை இடம் பெயர்க்கத்தான் இயலும். இவ்வேலைக்கு ஏற்றவை பழுப்பு அழுகல் காளான்களுள் சில. ஆன்ட்ரோடியா என்னும் இனத்தில் சில வகைகள் செம்புக்கு அஞ்சுவதில்லை. அவை ஆக்சாலிக் அமிலத்தை மிகுதியாகச் சுரக்கின்றன. நம் வயல் ஓரத்துப் புளியாரைக்குப் புளிப்பைத் தரும் அமிலம் இதுவே. இவ்வமிலம் செம்போடு கூடி, கரையாத உப்பாகி, காளானுக்குத் தீங்கு செய்யாமல் ஒதுங்குகிறது. அதே அமிலம் குரோமியத்தையும் ஆர்சனிக்கையும் பிணைப்பினின்று விடுவித்து நீரில் கரையச் செய்கிறது. காமேசம் போட்ட பூட்டைத் திறக்கும் சாவி ஒரு காளானின் கையில் இருந்தது.

1990களில் ஜெர்மனியில் இக்காளான்களை மருந்தேற்றிய மரச்சீவலில் வளர்த்துச் சோதித்தார்கள். மாடிசனில் ஆக்சாலிக் அமிலத்தால் முதலில் கழுவி, பிறகு உலோகத்தைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவை ஏவி, எஞ்சியதையும் பிரித்தெடுக்கும் இரட்டை முறையை வகுத்தார்கள். ஊறுகாயின் மேற்படியும் கரும்பூஞ்சணத்தின் இனமாகிய ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரைக் கொண்டு துருக்கி, ஜப்பான் நாட்டு ஆய்வாளர்கள் செய்த சோதனையில், ஆர்சனிக்கின் பெரும்பகுதி வெளியேறிற்று. செம்பும் குரோமியமும் பாதியளவே வெளியேறின. கழுவிய சீவலைக் கொண்டு மீண்டும் பலகை செய்யலாம் என்பது இவர்கள் கொண்ட நோக்கம்.

இதுவரை கேட்டால் காளான் எல்லாத் தொல்லையையும் தீர்த்துவிடும் என்று தோன்றக்கூடும். அவ்வாறு எண்ணுவது பிழை. மரத்தினின்று வெளியேறிய ஆர்சனிக் கழுவுநீரில் நிற்கிறது. அந்நீரை வாங்கி, வடித்து, நஞ்சைத் தனியே பிரித்துப் பாதுகாக்காவிடில், மரத்துக்குள் பூட்டிக் கிடந்ததை ஆற்றுக்குத் திறந்துவிட்டவர்கள் ஆவோம். திறந்த வெளியில் பழைய கட்டைமேல் காளானைத் தூவிவிட்டு மழைக்கு விட்டால் நன்மையைவிடத் தீமையே மிகும். மேலும், கட்டையைச் சிறு சீவலாக்க வேண்டும். வேறு பூஞ்சணம் புகாமல் காக்க வேண்டும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவற்றின் செலவு, கிடங்கில் புதைப்பதன் செலவைவிட மிகுதி. இம்முறை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தைவிட்டுப் பெருந்தொழிலாக வளராமைக்குக் காரணம் இதுவே.

மண்ணில் இறங்கிவிட்ட ஆர்சனிக்குக்கு இயற்கை வேறொரு துணையையும் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில், இதே செம்பு-குரோமியம்-ஆர்சனிக் மருந்தால் மாசுபட்ட ஓர் இடத்தில் ஒரு பன்னம் செழித்து வளர்ந்தது. அது மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சித் தன் இலையில் சேர்த்துவைக்கிறது என்பதை 2001ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். டெரிஸ் விட்டேட்டா என்னும் அப்பன்னம் நம் நாட்டுப் பழஞ்சுவர்களிலும் கிணற்று ஓரங்களிலும் வளர்வதுதான். ஆயினும் அந்த இலையையும் அறுத்து எடுத்துக் காப்பாக வைக்கவேண்டும். நஞ்சு அங்கேயும் இடந்தான் மாறுகிறது.

நேயர்களே, மீண்டும் களமசேரிக்கு வருவோம். இடிக்கப்பட்ட கட்டடத்திலிருந்தும் கழித்த துறைமுகத் தூணிலிருந்தும் வரும் கட்டைகள் பழமரக் கடைகளுக்கு வருகின்றன. மலிவாக இருப்பதால் ஏழை எளியோர் வாங்குகிறார்கள். நாம் செய்யவேண்டியவை எளியவை. பச்சை பாய்ந்த கட்டையையும் கீல் வாடை வீசும் கட்டையையும் சமையல் அடுப்பிலோ வெந்நீர் அடுப்பிலோ வைக்கலாகாது. அத்தகைய மரத்தின் சாம்பலால் பாத்திரம் துலக்கலாகாது. கீரைப் பாத்திக்கும் வாழைக்கும் இடலாகாது. அதன் அறுப்புத்தூளை மாட்டுத்தொழுவத்தில் பரப்புவதும், காளான் வளர்க்கும் பைகளில் நிரப்புவதும் தவறு. சிப்பிக் காளான் தான் வளரும் பொருளிலுள்ள உலோகத்தைத் தன் உடலில் ஏற்றுக்கொள்ளும்; தூய்மை செய்ய வளர்த்த காளான் உண்ணுவதற்கு உரியது அன்று. உறுதியாக இருக்கும் கட்டையை மீண்டும் கம்பமாகவோ தூணாகவோ பயன்படுத்துவதே முதல் வழி. அதற்கும் உதவாததை அபாயக் கழிவாகக் கருதி, நீர் ஊறாத அடித்தளம் இட்ட கிடங்குக்கு அனுப்பவேண்டும். கொச்சியை அடுத்த அம்பலமேட்டில் தொழிற்சாலைகளின் அபாயக் கழிவுக்காக அத்தகைய பொதுக் கிடங்கு ஒன்று அமைந்திருக்கிறது.

இன்று மருந்து ஏற்றுவோரும் சிந்திக்கவேண்டியது உண்டு. வீட்டுக்குள் இருக்கும் ரப்பர் மர நாற்காலிக்கு ஆர்சனிக் வேண்டியதில்லை. போரான் உப்பே போதும். கேரளத்தில் ரப்பர் மரத் தொழில் அவ்வழியில் நடைபெறுகிறது. கடலில் நிற்கும் தூணுக்கு ஏற்ற மருந்தை வேலிக் கம்புக்கும் ஏற்றுவது, எலியைக் கொல்ல வீட்டைக் கொளுத்துவது போன்றது.

காமேசத்தைக் குறைகூறும் கருத்து நமக்கு இல்லை. காடு அழிந்துகொண்டிருந்த காலத்தில் காட்டைக் காத்தவர் அவர். தம் மருந்து மழையில் கரையாமல் நிற்கவேண்டும் என்று கருதினார், அது நின்றது. அது என்றைக்கு மரத்தைவிட்டு நீங்கவேண்டும் என்ற வினாவை அக்காலத்தில் எவரும் எழுப்பவில்லை. பல ஆண்டு கழித்து, காளானின் உதவியோடு அவ்வினாவுக்கு விடை தேடவேண்டியதாயிற்று. கரிமத்தால் ஆகிய நஞ்சைக் காளான் உடைத்துத் தரும். உலோகத்தால் ஆகிய நஞ்சைப் பிரித்துத் தரும். பிரித்துத் தந்ததைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு நம்முடையதே. காட்டிலே விழுந்த மரம் மண்ணாகி மற்றொரு மரத்துக்கு உணவாகிறது. நாம் நடும் கம்பமும் ஒருநாள் விழும் என்பதை, அதனை நடும்போதே நினைத்துக்கொள்வோமாக.